மேசைக்குப் பிறகுதான் மெஷின்

ராஜபாளையம் நூல் ஊர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து, மில் வேலையோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பில்லாத குடும்பம் இங்கே குறைவு. அந்த மில்லுக்குள் எந்த எந்திரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பஞ்சுதான் தீர்மானிக்கிறது. பேலைப் பிரித்துப் போடும் ப்ளோ ரூமில் தொடங்கி, கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங் என்று போய் கோன் வைண்டிங்கில் முடியும் வரிசை, பஞ்சு போகிற வழியை ஒட்டிப் போட்ட வரிசை. ஸ்பின்னிங் ஃபிரேமை முதலில் நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு, மற்றதை இடம் கிடைத்த பக்கம் ஒதுக்கிக்கொள்ளலாம் என்று எந்த மேஸ்திரியும் சொல்ல மாட்டார். அதே ஊரில் வீட்டுக்குள் தையல் அறை போடும்போது மட்டும் நாம் அப்படித்தான் செய்கிறோம். மெஷினை எங்கே போடுவது என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. ஜன்னலோரம் மெஷினுக்குப் போகிறது, ஒரு சுவர் பீரோவுக்கு, ஒரு சுவர் கட்டிலுக்கு. துணியை விரித்து வெட்ட மிஞ்சுவது தரை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது தையல் தொழிலில் இருந்துகொண்டு நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. துணி முழுதாகப் படுக்கும் மேசைக்கு முதலில் இடம் பிடிக்க வேண்டும், அடுத்தது இஸ்திரிக்கு, மெஷின் மூன்றாவதாக வரட்டும்.

மெஷின் முதலிடம் பிடித்ததற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. ஐசக் சிங்கர் தன் தையல் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். ஒரு குடும்பத்தால் ஒரே தவணையில் வாங்க முடியாத பொருளாக அது இருந்ததால், சில ஆண்டுகளிலேயே அவருடைய நிறுவனம் மாதத் தவணைக்கு விற்கத் தொடங்கியது. அத்தனை பணம் போட்டு வாங்கிய பொருளைக் கூடத்தில், வந்தவர் கண்ணில் படும்படி வைப்பது இயல்பு. மெஷினை அலமாரி போன்ற மரப்பெட்டிக்குள் பொருத்தி விற்றதும் அதனால்தான். நம் பக்கம் சிங்கரும், 1930களில் கல்கத்தாவில் தொடங்கிய உஷாவும் வீட்டுக்குள் வந்தபோது, மெஷின் கல்யாணச் சீரில் சேரும் அளவுக்கு மதிப்பான பொருளாக வந்தது. சீர்ப் பொருளுக்கு வீட்டில் நல்ல இடம் கொடுப்பது மரியாதை. அந்த மரியாதையில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மெஷின் அடைக்கிற இடம் சிறியது; அது ஒருபோதும் மாறுவதும் இல்லை. துணிதான் விரியும், தொங்கும், புரளும், குவியும். மாறாத பொருளுக்கு எங்கே வேண்டுமானாலும் இடம் கண்டுபிடித்துவிடலாம். மாறுகிற பொருளுக்குத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

அளவுகளை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். கடையில் நைட்டித் துணி பெரும்பாலும் 44 அங்குலப் பன்னாவில் வருகிறது. ஒரு நைட்டிக்கு ஏறத்தாழ 3 மீட்டர். அதை நீளவாக்கில் ஒருமுறை, பன்னாவில் ஒருமுறை மடித்து நான்காக்கினால் 59 அங்குல நீளமும் 22 அங்குல அகலமுமாகப் படுக்கும். அதாவது, 5 அடிக்கு 2 அடி மேசை இருந்தால் நைட்டி விளிம்புக்கு வெளியே தொங்காமல் படுத்துவிடும். ஆனால் வெட்டுவதற்கு அது போதாது. கத்தரிக்கோல் பிடித்த கை ஊன்றவும், இஞ்ச் டேப்பும் ஸ்கேலும் கிடக்கவும், வெட்டிய துண்டை ஒதுக்கி வைக்கவும் இடம் வேண்டும். 36 அங்குலப் பன்னா பாப்ளினை மடிக்காமல் ஒற்றையாக விரித்து, ரவிக்கையின் முன்பாகம், பின்பாகம், கை, பட்டி எல்லாவற்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து வெட்டுகிறவருக்குத்தான் ஒரு கை துணியாவது மிச்சமாகும். அதனால் 6 அடிக்கு 3 அடி என்பதுதான் வீட்டுக்குச் சரியான மேசை. மேசையை விட்டுத் தொங்கும் துணி தன் எடையாலேயே இழுபடும். குறிப்பாகக் குறுக்கு நூலில் வெட்டும் பைப்பிங் துணியும், வழுவழுப்பான சாட்டின், ஜார்ஜெட் வகைகளும். இழுபட்ட நிலையில் போட்ட சாக் கோடு, துணி தளர்ந்ததும் கோணலாகிவிடும். மெஷினில் எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் அந்தக் கோணலை மறைக்க முடியாது. ஒரு பக்கம் பொருந்தி மறுபக்கம் தூக்கிக்கொள்ளும் கழுத்து, நடக்க நடக்கக் காலைச் சுற்றித் திருகும் சுடிதார் பேன்ட் ஆகியவற்றில் பெரும்பாலானவை வெட்டும்போது நேர்ந்த பிழைகள். பழி மட்டும் மெஷினுக்குப் போகிறது.

இதற்கு எல்லாரும் சொல்லும் முதல் பதில், எங்கள் வீட்டில் அவ்வளவு இடம் இல்லை என்பது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சாதாரண வீடுகளில் ஓர் அறை 10க்கு 10 அடி இருந்தாலே பெரிது, ஒப்புக்கொள்கிறேன். அந்த 10 அடியையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேசையின் 3 அடிப் பக்கத்தை ஒரு சுவரோடு ஒட்டி, 6 அடி நீளத்தை அறைக்குள் நீட்டிவிடுங்கள். மேசைக்கு ஒரு பக்கம் இரண்டரை அடி நடைவழி. மறுபக்கமும் இரண்டரை அடி. அதற்கப்பால் பக்கச் சுவரையொட்டி மெஷின், அதன் பலகை 2 அடிக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டரை, மூன்று, இரண்டரை, இரண்டு: கூட்டினால் பத்து. மேசையின் நுனிக்கு எதிரே 4 அடி மிஞ்சுகிறது. ஒன்றரை அடி ஆழமுள்ள பீரோ அந்தச் சுவரில் நின்றாலும் நடக்க இரண்டரை அடி கிடைக்கும். இந்தக் கணக்கு ஒத்துவரக் காரணம், மேசைக்கும் மெஷினுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இரண்டு வேலை பார்க்கிறது. தைக்கும்போது அங்கே நாற்காலி. வெட்டும்போது நாற்காலியைத் தள்ளிவிட்டால் அதுவே வெட்டுகிறவர் நிற்கும் இடம். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்வதில்லை. மெஷினை முதலில் நிறுத்தி, பீரோவை அடுத்து நிறுத்தி, பிறகு நடுவில் என்ன மிச்சம் என்று பார்த்தால் இந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது. இடமில்லை என்றுதான் தோன்றும். அறைக்குள் கட்டிலும் இருந்தே ஆக வேண்டும் என்றால் கதை வேறு. அப்போது சுவரில் கீல் வைத்து மடக்கிவிடும் பலகைதான் வழி. அதுவும் 6 அடிக்குக் குறையக் கூடாது என்பேன். அகலத்தில் வேண்டுமானால் அரை அடி விட்டுக்கொடுக்கலாம்.

மேசை உயரத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். மேல்நாட்டுப் புத்தகங்கள் வெட்டும் மேசைக்கு 36 அங்குலம் என்று சொல்லும். அது அங்குள்ள ஆட்களின் உயரத்துக்குப் போட்ட கணக்கு. 5 அடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு முழங்கை தரையிலிருந்து 38 அங்குலம் வாக்கில் இருக்கும். மேசை அதற்கு நான்கு அங்குலம் கீழே, 34இல் நின்றால் தோள் தூக்காமல் வெட்டலாம். சமையல் மேடையில் நின்று காய் நறுக்கும்போது முதுகு வலிக்காத வீடு என்றால், டேப்பை வைத்து அந்த மேடையின் உயரத்தை அளந்து அதையே தச்சரிடம் சொல்லிவிடலாம்.

இஸ்திரிக்கு ஏன் இரண்டாம் இடம்? சமையலறைத் திட்டத்தில் உலகத்துக்கே பாடமான ஒரு வேலையை 1926இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் செய்தார். ஒரு பெண் சமையலறையில் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியையும் நேரக்கணக்கோடு பார்த்து, அந்த அடிகள் குறையும்படி மேடையையும் அலமாரியையும் அமைத்தார். அடியை எண்ணுவது தையலறைக்கும் பொருந்தும், ஒரு திருத்தத்தோடு. எந்த வேலைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது ஒன்று. எத்தனை முறை அங்கே போகிறோம் என்பது இன்னொன்று. வெட்டும் வேலைக்கு இடம் நிறைய வேண்டும், ஆனால் ஓர் உடுப்புக்கு ஒரு தடவைதான் அங்கே போகிறோம். இஸ்திரிக்கு ஒன்றரை அடிச் சதுரம் போதும், ஆனால் திரும்பத் திரும்பப் போகிறோம். லைனிங் வைத்த ரவிக்கை ஒன்றை நினைத்துப் பாருங்கள்: டாட் பிடித்ததும் ஓர் அழுத்து, லைனிங்கைச் சேர்த்ததும் ஓர் அழுத்து, கழுத்துப் பைப்பிங் திருப்பியதும், பட்டி மடித்ததும், தோள் இணைத்ததும், கை ஏற்றியதும். ஒவ்வொரு தையலையும் அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனால்தான் அந்த ரவிக்கை கடையில் தைத்தது மாதிரி இருக்கும். இஸ்திரிப் பெட்டி பக்கத்து அறையில் இருந்தால் யாரும் இத்தனை முறை எழுந்து போக மாட்டார்கள். கடைசியில் மொத்தமாக ஒரு தேய்ப்பு தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் மேசையில் மெஷினுக்கு அருகே வரும் மூலையில் மடித்த கம்பளியும் அதன்மேல் வெள்ளைப் பருத்தித் துணியும் விரித்து, நாற்காலியிலிருந்து ஒரு திரும்பலில் எட்டும்படி இஸ்திரிப் பெட்டி இருக்க வேண்டும். அதற்குச் சுவரில் தனிப் பிளக். 750, 1000 வாட் இழுக்கும் பெட்டியை மெஷின் மோட்டாரும் விளக்கும் மாட்டியிருக்கும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் வயர் சூடாகும். சுற்றிலும் பஞ்சுத் தூசி பறக்கும் அறையில் இது விளையாட்டுக் காரியம் இல்லை.

எந்தக் காலத்திலும் நம் வீட்டுப் பெண்கள் தரையில் விரித்துத்தானே வெட்டினார்கள், மேசை எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதி உண்மை. தரை பெரியது, செலவில்லாதது, துணி ஒரு பக்கமும் தொங்காது. 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் போட்ட தரையில் இணைப்புக் கோடுகளே நேர்க்கோட்டுக்கும் மூலை மட்டத்துக்கும் உதவும். எந்த மேசையும் இதைத் தராது. ஆனால் தரையில் வெட்டுகிறவர் குந்தி உட்கார்ந்து, இடுப்பை முன்னால் மடித்து, துணியைச் சுற்றி நகர்ந்து வேலை பார்க்க வேண்டும். வீட்டுக்கு வேண்டியதை வருஷத்தில் சில நாள் வெட்டுகிற உடம்புக்கு அது பொறுக்கும். தீபாவளிக்கு முந்தின ஒரு மாதமும், ஜூனில் பள்ளி திறக்கும் நேரமும் காலை முதல் இரவு வரை வெட்டுகிற உடம்புக்குப் பொறுக்காது. இந்தத் தொழிலில் நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் கேட்டால், முழங்காலும் இடுப்பும்தான் முதலில் பேச்சில் வரும். இதைவிட மோசமாக, கால் படுகிற இடத்தில் கிடக்கும் துணியில் தூசியும் முடியும் ஒட்டும். குழந்தை ஓடிவந்து மிதிக்கும். வெள்ளை வேட்டித் துணியில் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டால் வாங்கித் தர வேண்டியது நாம்தான்.

தரை வெல்லும் இடம் ஒன்று உண்டு: அடுக்குத் துணி வைத்துத் தைக்கும் விரிப்பும் போர்வையும். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுந்தரபாண்டியத்திலும் தறியில் நெய்யும் பருத்திச் சேலை, உடுத்தி உடுத்திப் பழசான பிறகுதான் இந்த வேலைக்குப் பக்குவமாகிறது. ஐந்தரை மீட்டர்ச் சேலையை மூன்றாக மடித்தால் ஒரு மடிப்பு ஏறத்தாழ 6 அடி வரும், பன்னா 4 அடிக்குக் கொஞ்சம் குறையும். ஓர் ஆள் படுக்கிற விரிப்பு அப்படியே கிடைத்துவிடுகிறது. இரண்டு சேலை என்றால் ஆறு அடுக்கு. நடுவில் இலவம்பஞ்சு வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அது தலையணைக்குச் சரி; ஊசி போகிற வழியெல்லாம் வெளியே பறக்கும், இரண்டு துவைப்பில் ஓரத்தில் போய்த் திரண்டுவிடும். பழைய சேலை அடுக்குதான் நம் வெயிலுக்கும் துவைப்புக்கும் தாங்கும். இந்த அடுக்குகளைச் சுருக்கமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, பெரிய ஓட்டுத் தையலால் பிடித்து வைக்கிற வேலையை 6 அடி மேசையிலும் செய்ய முடியாது. தரையில்தான் செய்ய வேண்டும். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி சமூகப் பெண்கள் கவந்தி என்னும் ஒட்டுத்துணிப் போர்வையைத் தரையில் உட்கார்ந்து, ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிக் கையால் தைத்து வருகிறார்கள். கைத்தையலுக்கு அது முறை. மெஷினில் ஓட்டுகிறவர் நடுவில் தொடங்கி வெளியே வர வேண்டும், இல்லையென்றால் நடுவில் துணி பொங்கி நிற்கும்.

போர்வை மெஷினுக்கு ஏறும்போது அறைத் திட்டத்துக்கு இன்னொரு சோதனை வருகிறது. மெஷினின் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுவது நம் வழக்கம். ரவிக்கைக்கும் பாவாடைக்கும் அது ஒன்றும் செய்யாது. ஆறு அடுக்கு விரிப்பு ஊசியைத் தாண்டிப் பின்னால் போகும்போது சுவரில் முட்டிக் குவியும், அல்லது பலகையை விட்டுக் கீழே தொங்கும். தொங்கும் எடை துணியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருப்பதால் தையல் நீளம் மாறும், ஊசி வளைந்து தட்டில் அடித்து முறியும். 16ஆம் நம்பர் ஊசி போட்டாலும் இதற்குத் தப்பாது, ஏனென்றால் குறை ஊசியில் இல்லை. இடதுபக்கமும் பின்பக்கமும் பலகை உயரத்திலேயே ஏதாவது ஒன்று துணியைத் தாங்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: மெஷின் பலகை 30 அங்குலத்துக்குள், வெட்டும் மேசை 34. உயரமான மேசை போர்வையைத் தாங்க உதவாது. என் யோசனை, மேசையை 30 அங்குலத்துக்கே செய்துகொண்டு, நான்கு கால்களுக்கும் அடியில் வைக்க 4 அங்குல மரக்கட்டைகள் தனியாக வைத்திருப்பது. கட்டையில் ஏற்றினால் வெட்டும் மேசை. போர்வை தைக்கும் நாளில் கட்டையை எடுத்துவிட்டு மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, மேசை அதன் பின்னால் வரும்படி திருப்பிவிடலாம். இப்படித் திருப்ப முடிவதும் மேசைக்கு முதலில் இடம் கொடுத்த அறையில்தான்.

வெளிச்சமும் காற்றும் இந்த ஊர்களில் தனிப் பாடம். தெற்கு வடக்காக ஓடும் தெருவில் அடுத்தடுத்து ஒட்டி நிற்கும் நீள வீடுகளுக்குப் பக்கவாட்டு ஜன்னல் கிடையாது. தெருப் பக்கமும் முற்றமும் கொல்லையும்தான் வெளிச்சம் வரும் வழி. நடு அறைகள் பகலிலும் இருட்டு. பழைய வீடுகளில் மெஷின் திண்ணைக்கு வந்ததே இதனால்தான். இன்று திண்ணை இடித்து முன்னறை ஆகிவிட்ட பிறகும், இருக்கும் ஒரே ஜன்னலை மெஷினுக்குக் கொடுப்பதா மேசைக்குக் கொடுப்பதா என்ற கேள்வி வந்தால், பலரும் மெஷினுக்கே என்பார்கள். நான் மேசைக்குத்தான் கொடுப்பேன். மெஷினில் கண் பார்க்கிற இடம் ஊசி முனையைச் சுற்றி உள்ளங்கை அகலம். அங்கே ஒரு சின்ன எல்இடி விளக்கை மெஷினின் கழுத்தில் மாட்டி, இடப்பக்கத்திலிருந்து விழச் செய்தால் வலக்கை நிழல் விழாது, வேலை முடிந்தது. ஐரோப்பியத் தரவிதி தையல் வேலைக்குக் கேட்கும் 750 லக்ஸ் வெளிச்சத்தை அத்தனை சிறிய இடத்தில் கொடுப்பது சுலபம். 18 சதுர அடி மேசை முழுதும் நிழலில்லாமல் அதே வெளிச்சம் வேண்டுமென்றால் ஜன்னல்தான் சிக்கனம். இன்னொன்று, நூல் நிறம் சேர்ப்பதும் லைனிங் நிறம் பார்ப்பதும் மேசையில் நடக்கிற வேலைகள். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் பகல் வெளிச்சத்தில் வேறாகிவிடும். மெரூனும் பச்சையும் இதில் பேர்போனவை.

வடக்கு ஜன்னல்தான் தையலுக்கு உகந்தது, நேர் வெயில் விழாது என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அப்படியே பின்பற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது சரி. ராஜபாளையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பதரை டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் இங்கே வடக்குப் பக்கமாகச் சாய்ந்துதான் விழுகிறது. உச்சி வேளையில் 2 அடி சன்ஷேடு தடுத்துவிடும், ஆனால் காலையிலும் சாயங்காலத்திலும் தாழ்வாக வரும் வெயில் வடக்கு ஜன்னலில் சாய்வாக உள்ளே புகும். வாங்கி அடுக்கிய நூல்கண்டுகளை அந்த வெயிலில் வைத்தால் நிறம் மங்குவதோடு இழையும் இற்றுப்போகும். ஆகவே வடக்குத்தான் நல்லது, ஒரு மெல்லிய வெள்ளைத் திரையோடு. மேற்கு ஜன்னலைத்தான் எப்படியாவது தவிர்க்க வேண்டும்: மலைக்குப் பின்னால் இறங்கும் வரை அந்த வெயில் விடாது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடும் அந்த மாதத்தில், திறந்த ஜன்னலோரம் வெட்டி வைத்த கைத்துண்டு எதிர்ச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே மேசைக்கு ஜன்னல் என்று சொல்லும்போது, பழைய வீடுகளில் இருக்கும் மேல் கதவு, கீழ் கதவு பிரிந்த மர ஜன்னலைத்தான் நினைக்கிறேன். கீழ்க் கதவைச் சாத்தி மேலே மட்டும் திறந்தால் வெளிச்சம் வரும், காற்று தலைக்கு மேலே போய்விடும். புது வீட்டில் இது இல்லையென்றால் மேசை மட்டத்துக்கு ஒரு சாண் மேலே வரை கண்ணாடியை நிலையாக அடைத்துவிடச் சொல்லலாம். மின்விசிறியின் கொக்கி அறையின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது மெஷின் முன்னால் உட்காருகிறவரின் தலைக்கு மேலே இருக்கட்டும். மேசைக்கு மேலே இருந்தால் வெட்டுகிற நேரமெல்லாம் அதை நிறுத்திவிட்டு வேர்வையில் நனைய வேண்டியிருக்கும், வேர்வை சொட்டிய பட்டில் கறை போகாது.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. தளவாய்புரம், செட்டியார்பட்டிப் பக்கத்திலிருந்து வருவது. நைட்டியும் உள்பாவாடையும் அங்கே வீட்டுக்கு வீடு தைக்கிறார்கள். உற்பத்தியாளர் மொத்தமாக வெட்டிக் கட்டாகக் கட்டிக் கொடுப்பார், வீட்டில் தைத்துத் திருப்பிக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. வெட்டுகிற வேலையே வீட்டுக்கு வராதபோது 6 அடி மேசை எதற்கு? பவர் மெஷின் ஒன்று, முடிந்தால் ஓவர்லாக் ஒன்று, கட்டு வைக்க ஒரு மூலை. இதுதானே தேவை என்று கேட்கிறார்கள். அன்றாட வேலையை மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் சொல்வது கடினம். கட்டை அவிழ்த்து முன்பாகம், பின்பாகம், கை என்று பிரித்து அடுக்கவும், தைத்ததை நூல் வெட்டி மடிக்கவும் ஒரு மேசை நேரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லலாம். அது சின்னப் பதில். பெரிய பதில் கூலியில் இருக்கிறது. இந்தத் தொழிலில் எங்கே போனாலும் தைக்கிறவரைவிடக் கட்டிங் மாஸ்டருக்குச் சம்பளம் கூடுதல். துணியை வாங்கி, அளந்து, வெட்டி, தைத்து, முழு உடுப்பாகக் கொடுக்கிறவருக்குத்தான் விலை சொல்லும் உரிமை இருக்கிறது. கட்டு வாங்கித் தைக்கிறவர் கொடுத்த கூலிக்குத் தலையாட்ட வேண்டியவர். ஒரு பெண்ணுக்குக் கட்டிங் தெரிந்திருந்தும், வெட்ட வீட்டில் இடம் இல்லாத ஒரே காரணத்தால் வருஷக்கணக்காக நேர்த் தையல் மட்டுமே ஓட்டிக்கொண்டிருப்பது இந்தப் பக்கத்தில் நடக்கிறது. கை பழகாவிட்டால் தெரிந்த கட்டிங்கும் மறந்துபோகும். அறையின் அமைப்பு ஒருவருடைய வருமானத்தின் உச்சவரம்பை இப்படி முடிவு செய்துவிடுகிறது என்பதால்தான் மெஷின் முதலில் என்ற வழக்கத்தோடு நான் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன்.

அரசுத் திட்டங்களுக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம், ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மெஷின் கொடுக்கிறது. மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளைத் தைக்கிறார்கள். இரண்டும் பல வீடுகளில் அடுப்பெரியக் காரணமாக இருப்பவை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மெஷினோடு ஒரு மடக்கு மேசையும், தையல் பயிற்சி முடியும்போது அறையை எப்படி அமைப்பது என்று ஒரு நாள் பாடமும் சேர்த்துக் கொடுத்தால் அந்த மெஷின் இன்னும் தூரம் ஓடும். பயிற்சி நிலையத்தில் பெரிய கட்டிங் டேபிளில் கற்றுக்கொண்டவர் வீட்டுக்குப் போய் மூன்றடி இடத்தில் அதையே செய்ய வேண்டியிருக்கிறது. கற்றதும் வாய்த்ததும் பொருந்தாமல் போவது அங்கேதான்.

மிச்சமிருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அளவு கொடுக்க வருகிறவர் வீட்டைக் கடந்து உள்ளே வராமல், வாசலுக்கு அருகிலேயே ஒரு திரை மறைவும் ஆளுயரக் கண்ணாடியும் இருக்க வேண்டும். பெண்கள் தயங்காமல் வர இது முக்கியம். தைக்க வந்த துணியை அளவுச் சீட்டோடு கட்டி மேசைக்கு அடியில் தட்டு அடித்து வைக்கலாம், ஆனால் நிற்கிறவரின் கால்விரல் உள்ளே போக நான்கு அங்குலம் விட்டு. எண்ணெய்க் குப்பி மேசைப் பக்கமே வரக் கூடாது. காலால் மிதிக்கும் பழைய மெஷின் வீட்டில் இருந்தால் அதை விற்றுவிடாமல் ஓர் ஓரம் வைத்திருங்கள். மின்சாரம் நின்ற பகலில் அதுதான் வேலையை முடித்துக் கொடுக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், சுவரில் ஆணிகூட அடிக்கவிடாத வீட்டுக்காரரிடம் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். அவர்களுக்கு மேசைதான் இன்னும் தேவை, ஏனென்றால் அது கூடவே வரும். இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையில் பழைய ஃப்ளஷ் கதவு கிடைக்கும். ஆறரை, ஏழடி நீளமும் இரண்டரை, மூன்றடி அகலமுமாக வெட்டும் மேசைக்கென்றே செய்தது போல இருக்கும். பூட்டுத் துளையையும் கீல் வெட்டுகளையும் மரத்தூள் பசையால் அடைத்து, மேலே வெளிர் நிறச் சன்மைக்கா ஒட்டி, விளிம்பு நான்கையும் உப்புத்தாளால் உருட்டித் தேய்க்கத் தச்சரிடம் சொல்லுங்கள். கூர் விளிம்பில் ஜார்ஜெட் மாட்டினால் இழை ஓடிவிடும். கால்கள் மடக்குக் காலாக இருக்கட்டும், 30 அங்குலத்துக்கு. நான்கு கட்டைகளையும் அவரிடமே அறுத்து வாங்கிக்கொண்டு, அவற்றின் அடியில் ரப்பர்த் துண்டு ஒட்டிவிட்டால் டைல்ஸில் வழுக்காது.